பெயர் ஒன்று, ஆள் வேறு

எங்கள் ஊருக்கு முதன்முறை வருகிறவர்கள் வேறு ஊரில் போய் நிற்பது வழக்கம். அழைப்பிதழில் சிம்பாங் ரெங்கம் என்று போட்டிருப்போம்; அவர்கள் கண்ணில் ரெங்கம் மட்டும் படும். ரெங்கம் ரயில் நிற்கிற ஊர். எங்களுடையது ரெங்கத்துக்குச் சாலை பிரிகிற முனையில் உண்டான ஊர். மலாயில் சிம்பாங் என்றாலே அதுதான், சாலை பிரியும் இடம். பினாங்கிலிருந்து கல்யாணத்துக்கு வந்த என் மைத்துனர் ஒருமுறை ரெங்கத்தில் இறங்கி நின்றுகொண்டு, "மண்டபத்தையே காணோமே மச்சான்?" என்று போன் போட்டார். வழி சொல்லி, அவர் வந்து சேர்ந்தபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. பேர் ஒத்துப்போனால் ஊரும் ஒன்றுதான் என்று நம்பியவருக்குத் தாலி கட்டியதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒட்டுக்கடை மேசையில் ஒரு குறிப்பிட்ட வாக்கியம் விழும்போதெல்லாம் எனக்கு அந்த மைத்துனர் ஞாபகம் வரும். எங்கள் மேசையில் அதைச் சொல்கிறவர் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி. நல்ல மனிதர், நாலு விஷயம் படித்தவர். "யூதன் மெசியா வருவார்ங்கிறான். கிறிஸ்துவங்க ஏசு திரும்பி வருவார்ங்கிறாங்க. முஸ்லிம் மஹ்திங்கிறான். நாம கல்கிங்கிறோம். வரப்போறது ஒரே ஆளுதான் சார். பேருதான் வேற." சொல்லிவிட்டு தே தாரிக்கை ஒரு இழுப்பு இழுப்பார். மேசையில் எல்லாத் தலையும் ஆடும். தீபாவளி உபசரிப்பு மேடையிலும், கருமாதி வீட்டுப் பேச்சிலும், கைப்பேசியில் வந்து விழும் காணொளிகளிலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். மறுத்து யாரும் பேசியதில்லை. மறுப்பவன் மதவெறியன் ஆகிவிடுவானே.

நான் மறுக்கிறேன். பாதி சரி, பாதி தப்பு என்று தடவிக்கொடுத்து அல்ல. அந்த வாக்கியம் தலைகீழாக நிற்கிறது என்று சொல்லியே மறுக்கிறேன். யூத, கிறிஸ்தவ, இஸ்லாமியச் சமயங்கள் மூன்றிலும் பெயர்தான் ஒன்று. ஆள்தான் வேறு.

பெயரிலிருந்தே தொடங்கலாம். மாஷியாஹ் எபிரேயச் சொல். அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தால் கிறிஸ்தோஸ். அரபியில் அதன் உறவுச் சொல் மஸீஹ். குர்ஆனில் 11 இடங்களில் வருகிறது, அத்தனையிலும் ஈஸா நபியைக் குறித்தே வருகிறது. அரபி அறிஞர்கள் மஸீஹ் என்பதற்கு வேறு விளக்கங்களும் தருவார்கள். எபிரேயத்தில் பொருள் ஒன்றுதான்: எண்ணெய் பூசப்பட்டவர். சுற்றிலும் செம்பனை நிற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நமக்கு இது புரியவில்லை என்றால் எப்படி? அது ஒலிவ எண்ணெய். பழைய இஸ்ரவேலில் அரசனை அமர்த்தும்போது தலையில் ஊற்றுவார்கள். சாமுவேல் சவுலுக்கு ஊற்றினார், பிறகு தாவீதுக்கு ஊற்றினார். தமிழ் விவிலியக்காரர்கள் இதற்கு 'அபிஷேகம்' என்ற சொல்லை எடுத்தது கெட்டிக்காரத்தனம். ஆனால் நாம் கோயில் அபிஷேகத்தை நினைத்துக்கொண்டு, எண்ணெய் வார்க்கப்பட்டவர் கடவுள் என்று எண்ணிவிட்டோம். இது பட்டாபிஷேகம். எண்ணெய் வார்க்கப்பட்டவன் மனிதன். யூதனாகக்கூட இருக்க வேண்டியதில்லை: ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம், பாபிலோனைப் பிடித்து யூதர்களை ஊர் திரும்ப விட்ட பாரசீக அரசன் கோரேசுவை இதே சொல்லால் அழைக்கிறது.

ஆக, மாஷியாஹ் மேலிருந்து இறங்கி வருகிறவர் அல்லர். கீழே பிறந்து, அரியணை ஏறுகிறவர். அவதாரம் என்ற சொல்லுக்கே இறங்குதல் என்று பொருள். கிராணி ஐயா அடுக்கிய நான்கு பேரில் கல்கியை இந்த இடத்திலேயே வரிசையிலிருந்து வெளியே அழைக்க வேண்டியிருக்கிறது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் புராணக் கணக்கில் கலியுகம் 4,32,000 ஆண்டு. அது பிறந்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது. கல்கி வருவது அதன் கடைசியில். இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. வந்த பிறகும் கதை முடியாது; மறுபடி கிருத யுகம், மறுபடி சக்கரம். மற்ற மூன்று சமயங்களிலும் காலம் சக்கரமாகச் சுழல்வதில்லை, ஒரு முடிவை நோக்கிப் போகிறது. சுற்றுகிற சக்கரத்தில் வருகிறவரும் சாலையின் முடிவில் நிற்கிறவரும் ஒரே ஆள் என்றால், ஒட்டுக்கடைக்காரரே கணக்குப் புத்தகத்தை மூடிவிடுவார்.

மிச்சம் மூவர். இவர்களாவது ஒன்றா?

யூதர்களிடம் கேட்போம். மெசியாவை எப்படி அடையாளம் காண்பது என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் சட்டநூலாகவே எழுதிவைத்தார். மனிதர் வழக்கறிஞருக்குரிய நிதானத்தோடு எழுதுகிறார். தாவீதின் வம்சத்தில் ஓர் அரசன் எழவேண்டும், நியாயப்பிரமாணத்தின்படி நடக்கவேண்டும், இறைவனுக்கான போர்களை நடத்தவேண்டும். இவ்வளவும் செய்தால், அவர்தான் என்று கருதிக்கொள்ளலாம். எருசலேம் ஆலயத்தை எழுப்பி, சிதறிய மக்களையும் கூட்டிச் சேர்த்தால் உறுதி. அற்புதம் செய்து காட்ட வேண்டியதில்லை. உலகம் தன் வழக்கப்படியே நடக்கும். முடிக்காமல் போனாலோ கொல்லப்பட்டாலோ, அவர் இவர் இல்லை. அவ்வளவுதான்.

அந்தக் கடைசி விதிக்குப் பின்னால் இரத்தம் இருக்கிறது. கி.பி. 132இல் ரோமாபுரிக்கு எதிராக எழுந்த பார் கோக்பாவை, அக்காலத்தின் பெரிய ரபியான அகிவாவே மெசியா அரசர் என்று கொண்டாடினார். உன் கன்னத்தில் புல் முளைத்தாலும் தாவீதின் மகன் வந்திருக்கமாட்டான் என்று இன்னொரு ரபி அகிவாவின் முகத்துக்கு நேரே சொன்னதாகத் தால்முத் பதிந்து வைத்திருக்கிறது. 135இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பார் கோக்பா செத்தார். ஆகவே அவர் மெசியா இல்லை. 1665இல் இஸ்மீர் நகரத்துச் சப்பாத்தாய் செவியை மெசியா என்று ஐரோப்பாவிலிருந்து ஏமன் வரை யூதர்கள் நம்பினார்கள். சிலர் வீடுவாசலை விற்று மூட்டை கட்டினார்கள். 1666இல் துருக்கி சுல்தான் முன்னால் நிறுத்தியதும் அவர் தலைப்பாகை கட்டி இஸ்லாத்துக்கு மாறினார். பெரும்பாலோர் மூட்டையை அவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

இப்போது கிறிஸ்தவத்துக்கு வாருங்கள். மைமோனிடிஸின் விதி எந்த இடத்தில் ஆளைத் தள்ளுபடி செய்கிறதோ, அதே இடத்தில்தான் கிறிஸ்தவம் தொடங்குகிறது. கொல்லப்பட்டவர் மெசியா இல்லை என்பது யூதருக்குச் சட்டம். கொல்லப்பட்டதாலேயே அவர் மெசியா என்பது கிறிஸ்தவருக்கு நற்செய்தி. ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் அடிபட்டு, நொறுக்கப்பட்டு, மற்றவர் பாவம் சுமக்கிற ஓர் ஊழியன் வருகிறான். கிறிஸ்தவர் அங்கே இயேசுவைப் பார்க்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி அங்கே அடிபட்ட யூத இனத்தையே பார்த்தார். ஒரே ஏடு, ஒரே வரிகள். நடுவில் இரண்டாயிரம் ஆண்டுச் சண்டை. இதைப் போய் 'பேருதான் வேற' என்றால், இரு தரப்பும் இத்தனை காலமாக எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதையே நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று ஆகிறது.

அந்தச் சண்டை நேருக்கு நேர் நடந்ததும் உண்டு. 1263 ஜூலையில், பார்சலோனாவில், அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் விவாதம். ஒரு பக்கம் கிறிஸ்தவத்துக்கு மாறிய பாப்லோ கிறிஸ்தியானி. மறு பக்கம் ரபி நஹ்மனிடிஸ். மெசியா வந்துவிட்டாரா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. நஹ்மனிடிஸ் பின்னால் தம் தரப்பை எழுதிவைத்தார். அதன்படி அவருடைய வாதம் இரண்டு பங்கு. மெசியா வந்தால் வாள் கலப்பையாகும் என்று தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். உலகத்தைப் பாருங்கள், கொள்ளையும் கொலையும் நிறைந்து கிடக்கிறது. போர் வித்தை மறந்துபோனால் அரசே, உமக்கும் உம் வீரர்களுக்கும்தான் எவ்வளவு கஷ்டம்! இது முதல் பங்கு. கேட்டுக்கொண்டிருந்த வீரர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

இரண்டாவது பங்கு இன்னும் கூர்மையானது. நமக்குள் இருக்கும் வழக்கின் வேர் மெசியா அல்ல என்கிறார் அவர். மெசியா ஓர் அரசன், நீரும் ஓர் அரசன். எனக்கு அவரைவிட நீர் பெரியவர், ஏனென்றால் அந்நிய அரசன் கீழே அவமானம் தாங்கி இறைவனுக்கு ஊழியம் செய்தால் எனக்குப் பலன் அதிகம். மெசியாவையே நம்பும் ஒரு யூத அறிஞர், மெசியா இல்லாமலும் என் சமயம் நிற்கும் என்கிறார். கிறிஸ்துவை எடுத்துவிட்டால் கிறிஸ்தவத்தில் என்ன நிற்கும்? ஒரே பெயருள்ள இரண்டு பொருளில், ஒன்று வீட்டுக்கு நடுத்தூண், மற்றது வாசலுக்கு வரப்போகிற விருந்தாளி. அரசர் அவருக்கு 300 காசு பரிசு கொடுத்து அனுப்பியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் சில ஆண்டுகளில் நாட்டைவிட்டுக் கிளம்பவும் வேண்டியிருந்தது.

இஸ்லாம் இன்னும் நுணுக்கமானது, அதனால்தான் நம் மேசையில் அதிகமாகக் குழப்பப்படுவதும் அதுதான். இங்கே மஸீஹும் மஹ்தியும் வேறு வேறு ஆட்கள். மஸீஹ் என்றால் மர்யமின் மகன் ஈஸா நபி. பெயரும் தாயும் கிறிஸ்தவர் சொல்பவையே. கதை வேறு. அவர் இறைமகன் அல்லர், இறைத்தூதர். சிலுவையில் அவர் கொல்லப்படவில்லை என்று குர்ஆன் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. கடைசிக் காலத்தில் டமாஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாராவுக்கு அருகில் இறங்குவார், லுத் வாசலில் தஜ்ஜால் என்ற பொய் மெசியாவைக் கொல்வார் என்பது இமாம் முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ், அதாவது நபிமொழி. சிலுவையை உடைப்பார் என்பதும் ஹதீஸ்தான். பூமியில் வாழ்ந்து, பிறகு இறப்பார். முஸ்லிம்கள் அவருக்கு ஜனாஸா என்ற இறுதித் தொழுகை நடத்துவார்கள். மஹ்தி தனி: நபிகளின் குடும்பத்தில் பிறக்கப்போகும் ஒரு மனிதர். அபூதாவூத் தொகுப்பில் அவருக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், மஹ்தி பற்றிய அறிவிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சல்லடை போட்டார், பெரும்பாலானவை தேறவில்லை என்றார். ஷியாக்களில் பன்னிரு இமாம் மரபினருக்கோ அவர் இனிமேல் பிறக்கப்போகிறவரே அல்லர். 874இல் மறைந்த பன்னிரண்டாம் இமாம்தான், இன்றும் உயிரோடு இருக்கிறார். ஒரு சமயத்துக்கு உள்ளேயே ஆள் இத்தனை வேறாக இருக்கும்போது, மூன்றையும் கூட்டிக் கல்கியையும் சேர்த்து ஒரே நாற்காலியில் உட்கார வைக்கிறோம்.

மேசையில் இந்த வாக்கியம் விழும்போது தே ஆற்றிக்கொண்டிருக்கும் பாய் புன்னகைப்பார். எங்களோடு சில சமயம் உட்காரும் ஓய்வுபெற்ற கிறிஸ்தவ ஆசிரியையும் புன்னகைப்பார். அந்தப் புன்னகையைச் சம்மதம் என்று நான் வெகுகாலம் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில் பாயிடம் கேட்டேன். "என்னத்த சார் சொல்றது? ஈஸா நபி வந்தா சிலுவைய உடைப்பாருன்னு எங்களுக்குப் பாடம். அத டீச்சர் முன்னாடி சொல்ல முடியுமா? பேசாம இருந்திட்டேன்" என்றார். டீச்சரிடமும் கேட்டேன். "அவரு சிலுவையில சாகலன்னா எனக்கு ஈஸ்டரே கிடையாது சார். இதப் போய்க் கடையில வெச்சு எதுக்கு?" என்றார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த மரியாதையில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் நல்லிணக்க வாக்கியம் செய்த காரியம் அதுதான்: பேச வேண்டியவர்களைப் பேசாமல் ஆக்கிவிட்டது; இருவர் வீட்டையும் பார்க்காத மூன்றாமவர் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லுகிறார்.

தீர்ப்பு வெறும் தவறாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஆபத்தான தவறு இது. ஒருவருக்கு மெசியாவாக வருகிறவர் இன்னொருவர் ஏட்டில் பொய் மெசியாவாக இருக்கிறார். யூதர்கள் காத்திருப்பது தஜ்ஜாலுக்குத்தான் என்று பேசும் முஸ்லிம் பேச்சாளர்கள் உண்டு. மஹ்தியே எதிர்க்கிறிஸ்து என்று புத்தகம் எழுதும் அமெரிக்கப் போதகர்களும் உண்டு. இந்தப் பேச்சுகளுக்குப் படையும் பணமும் சேரும் காலம் இது. இந்த வெறுப்பை எதிர்க்க வேண்டுமானால் யார் யாரை எதற்காக எதிர்பார்க்கிறார்கள் என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். 'எல்லாம் ஒன்றே' என்று கண்ணை மூடிக்கொள்கிறவருக்கு வெறுப்புக்காரர் எங்கே நிற்கிறார் என்பதே தெரியாது.

கிராணி ஐயா தரப்பில் ஒரு வலுவான பதில் உண்டு. அவர் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். ஏடுகள் வேறாக இருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒருவர் வந்து நின்றால் எல்லாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்களா?

வந்து நின்றிருக்கிறார்கள். பாரசீகத்தில் பிறந்த பஹாவுல்லா, 1863இல் பாக்தாதில், எல்லாச் சமயங்களும் எதிர்பார்த்தவர் தாமே என்று அறிவித்தார். பஞ்சாபில் காதியான் என்ற ஊரின் மிர்சா குலாம் அகமது, மஸீஹும் மஹ்தியும் தாமே என்றார். 1904இல் சியால்கோட் உரையில் இந்துக்களுக்குக் கிருஷ்ணனும் தாமே என்றார். கிராணி ஐயா சொல்லும் ஒரே ஆள் இதைவிடத் தெளிவாக வரமுடியாது. என்ன நடந்தது? யூதர் யூதராக, கிறிஸ்தவர் கிறிஸ்தவராக, முஸ்லிம் முஸ்லிமாக இருந்தார்கள். பஹாய் என்று ஒரு தனிச் சமயம் பிறந்தது. நம் தோட்டங்களிலும் தமிழர் சிலர் அதைத் தழுவினார்கள், நேர்மையானவர்கள், எனக்கு அவர்கள்மேல் குறை இல்லை. அகமதியர் தனிச் சமூகமானார்கள். 1974இல் பாகிஸ்தான் அரசியல் சட்டத்தையே திருத்தி அவர்களை முஸ்லிம் அல்லாதவர் என்றது. மூன்றை ஒன்றாக்க வந்தவர் வந்ததும் எண்ணிக்கை நான்கானது, பிறகு ஐந்தானது.

நம் மலேசியாவுக்கும் இதில் பங்கு உண்டு. திரங்கானுவில் பெசுட் பக்கம் ஆயா பின் என்றொருவர், எல்லாச் சமயமும் ஓரிடம் என்று ஒரு கிராமம் அமைத்து, நடுவில் வீட்டளவுக்கு ஒரு தேநீர்க் கெண்டியைக் காங்கிரீட்டில் கட்டி நிறுத்தினார். 2005இல் அதிகாரிகள் வந்து இடித்தார்கள். இடித்ததை நான் பாராட்டவில்லை. ஆனால் எல்லா மதத்தையும் ஒரே கெண்டியில் ஊற்றும் யோசனைக்கு இதைவிட நேரான சிற்பம் கிடையாது.

தமிழ்நாட்டில் இதை இன்னும் பெரிய அளவில் நடத்திப் பார்த்த இடம் அடையாறு. 1909இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், அடையாறு கடற்கரையில் ஒரு மெலிந்த தெலுங்குச் சிறுவனைக் கண்டார். மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. பௌத்தர் எதிர்பார்க்கும் மைத்ரேயரும் கிறிஸ்துவும் ஒரே உலக ஆசான்தான், அவர் மறுபடி இந்தப் பையன் உடம்பில் வருவார் என்பது சபையின் தீர்மானம். பார்த்தீர்களா, கிராணி ஐயாவின் வாக்கியம் ஒட்டுக்கடையில் பிறந்ததல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே அதற்குத் தலைமையகமும் உறுப்பினர் பட்டியலும் இருந்தன. 1911இல் கீழ்த்திசை நட்சத்திர சங்கம் உண்டாயிற்று. அன்னி பெசன்ட் முன்னின்றார். பெற்ற தகப்பன் மகனைத் திருப்பிக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார், ஜெயித்தார். லண்டன் பிரிவி கவுன்சிலில் 1914இல் தோற்றார். பிள்ளையை இங்கிலாந்தில் படிக்கவைத்தார்கள், உடை உடுத்திவிட்டார்கள், உலகெங்கும் பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். 1929 ஆகஸ்ட் 3, ஹாலந்தில் ஓம்மன் முகாம், மூவாயிரம் பேர் கூட்டம். எழுந்து நின்ற கிருஷ்ணமூர்த்தி, உண்மைக்கு அமைப்பு கட்டமுடியாது என்று சொல்லிச் சங்கத்தையே கலைத்தார். நன்கொடையாக வந்த நிலத்தையும் மாளிகையையும் கொடுத்தவருக்கே திருப்பினார். எல்லார்க்கும் பொதுவான மெசியா வேலைக்கு இவ்வளவு கவனமாக ஆள் தயார் செய்தது எனக்குத் தெரிந்து வரலாற்றில் வேறெங்கும் இல்லை. தயாரான ஆளே அந்த வேலை வேண்டாம் என்றார்.

பகுத்தறிவு நண்பர்கள் இங்கே கை தட்டுவார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து போனதிலிருந்து நம்மிடையே அந்த மரபும் வலுவாக உண்டு, நல்லதே. ஆனால் அவர்கள் மேசையிலும் இதே வாக்கியம்தான் வேறு உடுப்பில் வருகிறது: எல்லாம் ஒரே கட்டுக்கதை, எவனோ வந்து காப்பாற்றுவான் என்று மனிதனைச் சோம்பேறியாக்குவது. ஒன்று என்று சொல்வதில் பக்தருக்கும் நாத்திகருக்கும் இத்தனை ஒற்றுமை இருப்பது எனக்கு வேடிக்கை. சோம்பலா? பார் கோக்பா மூன்று ஆண்டு ரோமைத் திணறடித்தார். சூடானில் மஹ்தி என்று சொல்லி எழுந்த முகமது அகமது 1885இல் கார்ட்டூமையே பிடித்தார். ஜாவாவில் ரத்து அடில் என்ற நீதியரசர் வருவார் என்ற நம்பிக்கையின் மேலேறித்தான் திபோநெகோரோ 1825 முதல் 1830 வரை டச்சுக்காரரோடு போரிட்டார். ஜொகூரில் நம் பக்கத்து வீட்டு ஜாவா வம்சத்தவரிடம் கேளுங்கள், அந்தப் பெயரைச் சொல்லும்போது முதுகு நிமிரும். இந்தக் காத்திருப்பு நல்லது என்று நான் சொல்லவில்லை. பல சமயம் அது இரத்த ஆறு. சோம்பல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. கையில் மரக்கன்று இருக்கும்போது மெசியா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் கன்றை நடு, பிறகு போய் வரவேற்றுக்கொள் என்று ஒரு பழைய யூத போதனை இருக்கிறது. ரபி யோகனான் பென் சக்காய் பெயரில் வழங்குவது. இஸ்லாத்தில் அனஸ் வழியாக வரும் ஹதீஸ் ஒன்றும் ஈச்சங்கன்றைப் பற்றி அதே தொனியில் பேசுகிறது. நாற்றுப் பண்ணையில் பையில் ஓராண்டு வளர்த்து, நட்டு, மூன்றாம் ஆண்டு முதல் குலைக்குக் காத்திருந்து, இருபத்தைந்து ஆண்டில் வெட்டி மறுபடி நடுகிற செம்பனைத் தோட்டத்து ஆட்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆனால் பாருங்கள், இங்கேகூட இரண்டும் ஒன்றல்ல. யூதக் கதையில் வந்து நிற்பது மெசியா. ஹதீஸில் வந்து நிற்பது மறுமை நாள், எல்லாம் முடிகிற வேளை. முதல் கன்றுக்கு நாளை உண்டு. இரண்டாவது கன்றுக்கு நாளை இல்லை, அப்படியும் நடச் சொல்கிறார்கள். ஒன்றாக்கிவிட்டால் அந்த இரண்டாவது கன்றின் வீம்பு நமக்குக் கிடைக்காமல் போகும்.

காத்திருப்பு என்றால் என்ன என்று எனக்குப் புத்தகம் கற்றுக்கொடுக்கவில்லை, என் தாய்மாமன் கற்றுக்கொடுத்தார். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து பேசியபோது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைப் போட்டுவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்து மறுபடி அதே லயத்துக்கு, அதே மரத்துக்குத் திரும்பினார். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைப்பேயில் நேதாஜி போன விமானம் விழுந்ததாக ஊரே சொன்னது. அவர் நம்பவில்லை. தமிழ்நாட்டில் முத்துராமலிங்கத் தேவர் 1950களில் நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று சொன்னது அவருக்குப் போதும். 1956இல் ஷா நவாஸ் குழு இறந்துவிட்டார் என்றது. 1974இல் கோஸ்லா ஆணையமும் அதையே சொன்னது. மாமா கேட்டுக்கொண்டார். வீட்டில் சிவபெருமான் படத்துக்கு மாலை, முருகனுக்கு மாலை, செத்துப்போன தாத்தா பாட்டிக்கு மாலை. நேதாஜி படம் மட்டும் வெறுமையாகத் தொங்கும். உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்கு எவனாவது மாலை போடுவானா?

நான் பயிற்சிக் கல்லூரி முடித்துப் புதிதாய் வாத்தியாரான திமிரில் ஒரு நாள் அவரிடம், "காந்தியும் நேதாஜியும் ஒண்ணுதான் மாமா, வழிதான் வேற" என்றேன். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "நீ காந்தியையும் பார்த்ததில்ல, நேதாஜியையும் பார்த்ததில்ல. அதான் உனக்கு ஒண்ணாத் தெரியுது" என்றார். பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எங்கள் தோட்டங்கள் உண்மையாகவே காத்திருந்த ஒருவர் உண்டென்றால் அது நேதாஜிதான். அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்தியிருந்தால் மாமா வாசல் கதவைச் சாத்தியிருப்பார். காத்திருப்பவனுக்கு எவனோ ஒருவன் போதாது.

இதையெல்லாம் சொன்னால் வருகிற கடைசி மறுப்பு எனக்குத் தெரியும். "இப்படிப் பிரிச்சுப் பேசினா சண்டை வரும் சார். இந்த நாட்டுல அது நமக்குத் தேவையா?" திருமூலரையும் துணைக்கு இழுப்பார்கள். திருமூலர் சொன்னது தேவன் ஒருவன் என்று. வரப்போகிற அரசன் ஒருவன் என்று அல்ல. சண்டை வரும் என்ற பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு வளர்ந்தவன் நான். ஆனால் வேற்றுமையை வாய்விட்டுச் சொல்லி, அதற்குத் தக்கபடி நடந்துகொண்டு ஒரு தெருவில் வாழும் வித்தை இந்த நாட்டில் எல்லா வீட்டுச் சமையற்கட்டிலும் இருக்கிறது. நம் நாக்குக்கு மட்டும்தான் அது இன்னும் வரவில்லை.

போன தீபாவளிக்குக் கிராணி ஐயா வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. வாசலில் கூடாரம், மேசை மேல் ஏழெட்டு அண்டா. பாய் கடையில் சமைத்து வந்த கோழி பிரியாணிக்குத் தனி மேசை, தனித் தட்டு, காகிதக் கோப்பை. மாட்டிறைச்சி வாசலுக்கே வரக்கூடாது என்பது அவர் அம்மா காலத்துச் சட்டம். சீன நண்பர்களில் பௌத்த விரதம் இருப்பவர்களுக்குப் பூண்டு வெங்காயம் இல்லாத மீ ஹூன். எதிர்வீட்டு ஐயர் அம்மாவுக்கு முட்டை படாத கேக். ஒவ்வொன்றின் மேலும் அட்டையில், மலாயிலும் தமிழிலும், அவரே கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். நான் போய் உட்கார்ந்தபோது அவர் பேரப் பிள்ளை அவசரத்தில் கோழிக் குழம்புக் கரண்டியை எடுத்துச் சாம்பார் அண்டாவுக்குள் விடப்போனான். மனிதர் கூடாரத்தின் மறுகோடியிலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"டேய், டேய்! அந்தக் கரண்டிய அதுல போடாதேடா!"